கவின் விழுங்கியது

2025 ஜூன் எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வானில் மேகமில்லை, அரியலூரில் காலையிலேயே அனற்காற்று வீசத் தொடங்கியிருந்தது.

ஜெயங்கொண்டத்துக் காதணி விழாவுக்குப் புறப்பட்ட காரின் பின்னிருக்கையில், ஐந்து வயது கவினைத் தன் மடிக்கு இழுத்தாள் அவனுடைய அத்தை சிந்தாமணி.

"ஒனக்குப் புள்ள வளக்கத் தெரியல மேகலா. வாந்தி வரும் வரும்னு நீயே சொல்லிப் பழக்கி வச்சிருக்க. எங்கிட்ட குடு, எப்படி வருதுன்னு நானும் பாக்குறேன்!"

மேகலா மறுக்கவில்லை. மகனை மனமுவந்து கொடுத்தாள்.

சென்ற ஆண்டு இதே சாலையில் கவின் வாந்தி எடுத்தபோது, நாற்றம் தாங்கவில்லை என்று தாயையும் பிள்ளையையும் ரெட்டிபாளையம் அருகே இறக்கிவிட்டவள் இந்தச் சிந்தாமணிதான். வண்டியை ஓட்டிய அசோக், மேகலாவின் கணவன், தன் அக்காளை எதிர்த்து வாய் திறக்கவில்லை. சிமெண்டு லாரிகளின் புழுதியில் பேருந்துக்காகக் காத்து நின்ற அந்த முற்பகலை மேகலா மறக்கவில்லை.

அதன்பின் மருத்துவரிடம் அனைத்தையும் கேட்டறிந்தாள். ஓடும் வண்டியில் பிள்ளை கைப்பேசி பார்க்கக் கூடாது. வயிறு முட்ட உண்ணக் கூடாது. கண் தொலைவை நோக்க வேண்டும். முகத்தில் காற்றுப் பட வேண்டும்.

சிந்தாமணியோ சன்னல் கண்ணாடியை ஏற்றினாள். லட்டு ஊட்டினாள். கைப்பேசியில் பொம்மைப் படம் போட்டுக் கொடுத்தாள்.

கவின் கொட்டாவி விட்டான். உதடு வெளுத்தது. நெற்றியில் வியர்வை அரும்பியது. எச்சிலை விழுங்கினான், மீண்டும் மீண்டும் விழுங்கினான்.

மருத்துவர் சொன்ன அறிகுறிகள் வரிசை தவறாமல் வந்துகொண்டிருந்தன. மேகலாவின் கைப்பையில் மடித்த பிளாஸ்டிக் பை ஒன்று இருந்தது. அவள் கை அதைத் தொடவில்லை. அவள் பார்வை முழுவதும் சிந்தாமணியின் புத்தம்புதிய பட்டுப்புடவை மீதே இருந்தது. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை.

ரெட்டிபாளையம் நெருங்கியபோது அது நிகழ்ந்தது.

சிந்தாமணி அலறினாள். கார் ஓரமாக நின்றது. ஓராண்டாகக் கனன்ற மேகலாவின் நெஞ்சம் அந்தக் கணத்தில் குளிர்ந்தது.

கவின் அழவில்லை. இரு கைகளாலும் வாயைப் பொத்தியபடி தாயைப் பார்த்தான்.

"முழுங்கிட்டேதாம்மா வந்தேன்... ஒன்ன மறுபடியும் எறக்கி விட்டுடுவாங்களா?"

மேகலா கதவைத் திறந்தாள். மகனைத் தூக்கிக்கொண்டு புழுதியில் இறங்கினாள்.

இம்முறை அவளை இறங்கச் சொன்னவர் எவருமில்லை.

அப்போது மணி ஒன்பது பன்னிரண்டு.