இருபத்தேழு சதுர மீட்டர்

"இருபத்தாறு மணி நேரம் ஆச்சு. நானூறு மனையை எட்டுத் தொகுதியாச் சேர்க்க ஒருத்திக்கு இவ்வளவு நேரமா?"

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வரைபடப் பிரிவுக்குத் தலைவி அவள். அங்கே எல்லோருக்கும் அக்கா. மணி நான்கு. ஐந்துக்குள் வரைபடம் நகர அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். போன பிறகு அதில் இருப்பதுதான் மனை. இல்லாதது பக்கத்து மனைக்காரருக்குப் போய்விடும்.

புதிதாகச் சேர்ந்த பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓடுதுக்கா. அந்த இடம் வந்ததும் நின்னுடுது."

"எந்த இடம்? காட்டு."

கிடங்குக்கும் சாலைக்கும் நடுவே ஒரு மெல்லிய துண்டு. வெட்டிப் போட்ட நகம் மாதிரி.

"இதுவா? இருபத்தேழு சதுர மீட்டர். வரையறப்ப யாருக்கோ கை ஆடியிருக்கு, குப்பை. முப்பதுக்குக் கீழ எது இருந்தாலும் பக்கத்து மனையோட சேருன்னு எத்தனை தடவை சொல்றது?"

"இருபத்தஞ்சுன்னு வெச்சுக்கலாமாக்கா?"

"நாலாவது தடவையா கேக்கற. பேரம் பேச இது என்ன சந்தையா?"

எதிர் மேசைக்காரர் சிரித்தார். "விடுங்கக்கா, பைத்தானுக்கும் அலுத்துப் போயிருக்கும்."

"நீங்க உங்க வேலையைப் பாருங்க. நகருடி, நானே பாக்கறேன்."

பைத்தான் என்ற கணினி மொழியில் அந்தப் பெண் எழுதிய நிரலை அக்கா மேலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். நாற்பதாவது வரியில் கண் நின்றது. துண்டு எண் 318 வந்தால் நிறுத்து என்று அங்கே எழுதியிருந்தது.

"இது தானா நிக்கலையே. நீதான் நிறுத்தி வெச்சிருக்க."

அந்தப் பெண் சுட்டியை எடுக்கக் கை நீட்டினாள். அக்கா விடவில்லை.

"நேத்துலேர்ந்து என் உயிரை வாங்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்க." அக்கா அந்த வரியை அழித்தாள். ஓட்டும் பொத்தானுக்குச் சுட்டியைக் கொண்டுபோனாள்.

"அது குப்பை இல்லக்கா."

"நேர்ல போய் அளந்தியா?"

"அளக்கல."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

அந்தப் பெண் முதல் முறையாக அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"காலைல அங்கேர்ந்துதான் கிளம்பி வந்தேன். அம்மாவும் தம்பியும் இப்ப உள்ளதான் இருக்காங்க."