எதுவரைக்கும்

தலைமையாசிரியையின் பேனா முனை விண்ணப்பத்தில் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

மகளின் பெயர். பிறந்த தேதி. தகப்பன் பெயர், படிப்பு, வேலை.

அடுத்த வரி அவளுடையது. அவள் பெயருக்கு நேராக, கணவரின் குண்டுக் கையெழுத்தில், இரண்டே எழுத்து: பி.ஏ.

தாய், தகப்பன் இருவரும் பட்டதாரிகளாக இருந்தால்தான் இந்தப் பள்ளியில் இடம் என்று, தான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் யாரோ சொல்லக் கேட்டு வந்து கணவர் எழுதியது அது. கேட்டால் தயங்காமல் சொல்லிவிடு, சான்றிதழ் கேட்டால் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்று சொல் என ஒரு வாரமாகப் பாடம் நடத்தியிருந்தார்.

அவள் படித்தது ஆறாம் வகுப்பு. வீட்டில் இரண்டாவது தையல் மெஷின் வாங்கினார்கள், அதில் உட்கார ஆள் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் அதோடு சரி.

பள்ளிக்கூடம்தான் நின்றதே தவிர படிப்பு நிற்கவில்லை. சாமான் கட்டி வந்த காகிதத்தில் ஆரம்பித்து, தெருமுனை வாடகை நூலகத்தில் மூன்று சுவர் நிறைய இருந்த புத்தகங்களையும் முடித்துவிட்டாள். மெஷின் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டே தைப்பாள். ஒரு துப்பறியும் கதையின் புண்ணியத்தில், ஒருவருடைய சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாகவே போனது உண்டு.

கதைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் அவளை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் பேச்சு சூடு பிடிக்கும்போதே எழுந்து போய்விடுவாள். அடுத்து என்ன கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை நாவல் படித்தாலும் ஆறாம் வகுப்பு ஆறாம் வகுப்புதான்.

பயம் வந்தால் சிலர் தண்ணீர் குடிப்பார்கள், சிலர் சாமியைக் கூப்பிடுவார்கள். அவள் புத்தகத்தைத் திறப்பாள். மகள் பிறந்த அன்று வலிக்கு நடுவே நாற்பது பக்கம் படித்தவள். இன்றும் வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது அதைத்தான் செய்தாள். ஒரே வரியை நாலு தடவை படித்தாள். உள்ளே வை என்று கணவர் கண்ணாலேயே அதட்டினார். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவளுக்குப் பிடிக்காத புத்தகம் என்றால் ஒரே வகைதான். பத்தாம் பக்கத்தில் ஒருத்தி ஒரு பொய் சொல்வாள். மிச்சமிருக்கும் முந்நூறு பக்கமும் அந்தப் பொய் அவளைத் துரத்தும். அந்த மாதிரிக் கதைகளை மட்டும் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஒருத்திகூடத் தப்பித்ததில்லை.

கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். அவள் கெட்டிக்காரியும் இல்லை.

பேனா பி.ஏ.வில் நின்றது.

பக்கத்து நாற்காலியில் மகள் புதுச் செருப்புக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் போனால் அது தன்னால்தான் என்று அவள் நினைத்தாள்.

பேனா நகர்ந்தது. முகவரி. தொலைபேசி எண். கையெழுத்துப் போட வேண்டிய இடம். கணவர் நிம்மதியாகப் பின்னால் சாய்ந்தார்.

தலைமையாசிரியை கையெழுத்துப் போடவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

“எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?”

மேசைக்கு அடியில் கணவரின் கால் அவள் கால்விரல்களை மிதித்தது.

இரண்டே எழுத்து. காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் சொல்லிப் பார்த்த எழுத்து. இதுதான் அந்தப் பத்தாம் பக்கம் என்று தோன்றியது. இப்போது சொல்லிவிட்டால், மகள் இந்தப் பள்ளியில் இருக்கும் அத்தனை வருஷமும் தினம் தினம் பயந்து சாக வேண்டும். மாட்டும் நாளில் தலைகுனியப் போவது மகள்.

“ஆறாவது வரைக்கும்தாங்க, மேடம்.”

கணவர் முகத்தில் ஈயாடவில்லை. மகளின் கால் ஆடுவதை நிறுத்திவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு. பிள்ளை தலையில் பெற்றவளே மண்ணை வாரிப் போட்டுவிட்டாள்.

தலைமையாசிரியை சிரித்தார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவள் முகத்தை அல்ல. அவளும் குனிந்து பார்த்தாள். பைக்குள் வைத்துவிட்டதாக நினைத்த புத்தகம் அவள் நெஞ்சோடு சேர்ந்து இருந்தது. அடையாளத்துக்கு வைத்த ஆள்காட்டி விரல் இன்னும் பக்கங்களுக்கு நடுவிலேயே இருந்தது.

“அதான் முகமெல்லாம் வாடிப்போயிருக்கு. ஆறாவது அத்தியாயம் வரைக்கும் ஒரே அழுகையாத்தான் இருக்கும். ஏழாவதுலதான் கதையே ஆரம்பிக்குது. பாதியில விட்டுடாதீங்க.”

சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

சரிங்க மேடம் என்று தலையாட்டினாள்.

அந்தப் புத்தகத்தை அவள் ஐந்தாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.