வழித்துணைப் பன்றி

"முடியாதுண்ணே. உனக்காக என் பன்றியை வெட்ட மாட்டேன்."

படுத்த படுக்கையாகக் கிடந்த அண்ணன் மசிங்கின் முகத்துக்கு நேராகத் தம்பி டோகோன் இப்படிச் சொன்னதை ஊர்க்காரர்கள் நாங்கள் சுற்றி நின்று கேட்டோம்.

மலேகுலாத் தீவில் யாரும் சொல்லக் கூடாத வார்த்தை அது. செத்தவன் போகிற வழியில் பேய்ச்சி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். கோரைப்பல் வளையமாக வளைந்த பன்றியைச் செத்தவன் பேரில் உறவுக்காரர்கள் பலி கொடுத்தால், அதைத் தின்றுவிட்டு ஆளை விடுவாள். இல்லையென்றால் ஆளையே விழுங்கிவிடுவாள். அப்படியொரு பன்றி டோகோனிடம் இருந்தது.

மனைவியைப் புதைத்த நாளிலிருந்து மசிங் சரியாகச் சாப்பிடவில்லை. 'நானும் கிளம்பறேன்' என்பது ஒன்றே பேச்சு. நோய் எதுவும் இல்லை என்று நர்ஸம்மா இரண்டு தடவை வந்து பார்த்துச் சொல்லிவிட்டார்.

"ஏண்டா, கூடப்பொறந்தவனுக்கு இல்லாத பன்றி வேற யாருக்குடா?" என்றார் மசிங்.

"யாருக்கோ. வேணும்னா நீயே ஒண்ணு வளர்த்துக்க."

மசிங் கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். மூன்று வாரத்தில் அதுதான் முதல் தடவை.

"போடா கஞ்சப்பயலே! நானே வளர்க்கறேன். பேய்ச்சி கிட்ட உன் பேரைச் சொல்லிட்டுத்தான் போவேன்!"

அதற்குப் பிறகு ஊரில் டோகோனுக்கு மரியாதையே இல்லை. சாயங்காலம் எல்லாரும் கூடிக் குடிக்கிற காவா வேர்ச்சாற்றுக்கு அவன் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளிப் போவார்கள். நானும் தள்ளிப் போனேன்.

மசிங் என்னிடம்தான் ஆண்குட்டி ஒன்று வாங்கினார். அடுத்த வருஷம், கீழ்க் கோரைப்பல் வளைந்து வளர இடம் கிடைக்க, அதன் மேல் கோரைப்பற்களைத் தட்டி எடுத்தோம். அப்படிப்பட்ட பன்றியால் மண்ணைக் கிளறித் தின்ன முடியாது. தினமும் கிழங்கு வேகவைத்து, தேங்காய் துருவிப் போட்டு, கையால் ஊட்ட வேண்டும். அதற்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று ஊட்டுவார் மசிங்.

"பேரு வெச்சாச்சா?" என்றேன்.

"டோகோன். திட்டித் திட்டி வளர்க்க வசதியா இருக்கும்."

இரண்டு வருஷம் போனது. ஒருநாள் டோகோன் வீட்டில் வேலி கட்ட உதவிக்கொண்டிருந்தேன். அவன் மனைவி லெய்சல் பொறுக்க முடியாமல் ஆரம்பித்தாள்.

"பெரியவர் இப்பத்தான் நல்லா நடமாடறார். இப்பவாவது போய் மன்னிப்புக் கேளுங்க. அன்னிக்கே 'சரிண்ணே, தரேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்?"

அண்ணன் வீட்டுப் பக்கம் பார்த்தான் டோகோன். அங்கே மசிங், "தின்னுடா டோகோன், தின்னித் தடியா" என்று பன்றியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே கிளம்பியிருப்பான், லெய்சல். அந்தப் பல்லு வளையம் போட இன்னும் அஞ்சு வருஷம் ஆகும். அதுவரைக்கும் எங்க அண்ணன் எங்கயும் போக மாட்டான்."