புகைக்கு ஒரு சாட்சி

"அடுப்பு மேல கைய வெக்காத சார்! இன்னும் ஒரு டெஸ்டு பாக்கி கீது!"

சொர்ணம் குறுக்கே வந்து நின்றாள். குனிந்த பட்டாபி நிமிர்ந்தார். செங்கல்பட்டு ஆபீசிலிருந்து நெம்மேலி குப்பத்துக்கு அவர் கொண்டுவந்த இரும்பு அடுப்பு அது. புகை வராது, விறகு பாதிதான் ஆகும் என்பது ஆபீசின் பேச்சு. ஒரு வீட்டில் ஏழு நாள் எரித்துப் பார்க்க வேண்டும். சரியாக வந்தால் அடுப்பு அந்த வீட்டுக்கே சொந்தம். வராவிட்டால் தூக்கிக்கொண்டு போய் முட்டுக்காட்டில் வேறு வீடு பார்க்க வேண்டும்.

இன்று ஏழாம் நாள். சரியாக வரவில்லை.

"எல்லா டெஸ்டும் முடிஞ்சுதும்மா. காலையில விறகை நிறுத்துக் குடுக்கறேன். சாயங்காலம் மிச்சத்தை நிறுக்கறேன். வீட்டுல நீங்க ரெண்டே பேர். தினம் ரெண்டு கிலோ போதும். நீங்க தினம் பன்னிரண்டு கிலோ எரிச்சிருக்கீங்க!"

"வூட்டுக்காரருக்கு வெந்நி வெக்கறேன் சார். கடலுக்குப் போற ஒடம்பு. காலைல ஒரு அண்டா, சாயங்காலம் ஒரு அண்டா. இல்லாங்காட்டி வலி தாங்காது."

அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் தேசப்பன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனான். முதுகில் உப்பு திட்டுத் திட்டாகப் பூத்திருந்தது. நல்ல தண்ணீர் பட்டு நாலு நாளாவது ஆகியிருக்கும்.

பட்டாபி அவனைப் பார்த்தார். பிறகு சொர்ணத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கி இன்னும் குளிக்கல சார்" என்றாள் அவள்.

பக்கத்து வீட்டு வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்த வேண்டா சிரித்துவிட்டாள். "ரெண்டு அண்டா வெந்நியா? புருசன குளிப்பாட்றியா, வேக வெக்கிறியா?"

"நீ உன் மீனப் பாருடி!"

சொர்ணம் குரலைத் தணித்தாள். "வெறகு கெடக்குது சார், தோப்புல பொறுக்கினா வந்துட்டுப் போவுது. புகை இன்னா ஆச்சு? அதச் சொல்லு."

"புகையில பாஸ்தான்." பட்டாபி ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் காட்டினார். "அரை மணி நேரம் அடுப்புக்கு மேல பிடிச்சேன். லேசா மஞ்சள், அவ்வளவுதான். புகையால உங்களுக்குக் கண்ணு எரியுமா?"

"கண்ணா? புகையால எங்க அண்ணன் மூர்த்தி மூணு மாசம் வூட்டுக்கே வரல சார்."

"அடப்பாவமே. ஆஸ்பத்திரியிலயா?"

"அந்த மாதிரிதான். படுக்கப் பாய் குடுத்து, வேளைக்குச் சோறும் போட்டாங்க."

பட்டாபி உச்சுக் கொட்டினார்.

"அத்த வுடு. துணி சொன்னா ஆச்சா? தூரத்துலேர்ந்து பாத்தா புகை தெரியுதா, இல்லியா? அத்தப் பாத்தியா நீ?"

"அப்படி ஒரு டெஸ்ட் கிடையாதும்மா."

"இன்னா ஆபீசு சார் உன் ஆபீசு!"

பட்டாபிக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாக ஊர் ஊராக அடுப்பு சுமக்கிறார். இது தனக்கு ஏன் தோன்றவில்லை?

சொர்ணம் அதற்குள் நாலு சவுக்குக் கட்டையை அடுப்பில் செருகி ஊதினாள். தீ திகுதிகுவென்று பிடித்தது. சோற்றுப் பானையை ஏற்றிவிட்டு, தூரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன லுங்கிக்காரரைப் பார்த்துக் கத்தினாள்.

"சம்பத்தண்ணாத்த! அந்த மணல்மேட்டு மேல ஏறு! என் வூட்டாண்ட புகை எதனா தெரியுதா, பாத்துச் சொல்லு!"

"அவர் எதுக்கும்மா?"

"அது கண்ணுக்குத் தப்பிச்சா வேற எவன் கண்ணுக்கும் தெரியாது சார்."

சம்பத் மேட்டில் ஏறினார். நெற்றியில் கை வைத்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். சொர்ணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாத்தப் பாக்கச் சொல்றே?" என்று கத்தினார் சம்பத். "மொதல்ல அடுப்பப் பத்த வை!"

சொர்ணம் கைதட்டிக் குதித்தாள். இறங்கி வந்த சம்பத் எரிகிற கட்டைகளைப் பார்த்து வாயைப் பிளந்தார். "எரிஞ்சிகினுதான் கீதா!"

பட்டாபிக்கு மனசு நிறைந்துவிட்டது. படிவத்தில் விறகுக்கு நேராக, 'வெந்நீர் உபயோகம் அதிகம்' என்று எழுதினார். புகைக்கு நேராக, 'தூரத்திலிருந்தும் தெரியவில்லை.'

"அடுப்பு உங்களுக்குத்தாம்மா."

"ராவு பகலா எரிச்சாலும் தாங்குமில்ல சார்?"

"தாங்கும், தாங்கும்." படிவத்தைச் சம்பத்திடம் நீட்டினார். "சாட்சின்னு இருக்கிற இடத்துல பேரும் வேலையும் எழுதுங்க."

சைக்கிள் சீட்டின் மேல் வைத்துப் பொறுமையாக எழுதிக் கொடுத்தார் சம்பத்.

ஜீப் திருப்போரூர் தாண்டிய பிறகுதான் பட்டாபி அதைப் படித்தார்:

'கே. சம்பத், மதுவிலக்கு போலீஸ். சவுக்குத் தோப்பில் எங்கே புகை கிளம்புகிறது என்று பார்த்துக் கள்ளச்சாராய அடுப்பைப் பிடிக்கும் வேலை.'