எல்லோரும் கூடிய கூட்டம்

போன மழையில் வேதாந்தத்தின் மயிலாப்பூர் மருந்துக் கிடங்கில் வெள்ளம் புகுந்து, ஊழியர்கள் இருவர் கழுத்தளவு நீரில் சிக்கினார்கள். இந்த முறை எல்லாத் தரப்பினரோடும் கலந்துபேசி வெள்ளப் பாதுகாப்புத் திட்டம் போட்டால்தான் இன்ஷூரன்ஸ் என்று சொல்லிவிட்டு, அவர் வீட்டில் நடந்த கூட்டத்தைப் பார்க்க வந்திருந்தாள் இன்ஷூரன்ஸ் அதிகாரி வர்ஷினி.

"தொழிலாளர் சார்பா சொல்றேன், எங்களுக்கு ஒரு பயமும் இல்லை" என்றார் வேட்டி கட்டியவர்.

"சப்ளையர்களுக்கும் பரம திருப்தி" என்றான் பக்கத்திலிருந்த இளைஞன்.

"வாடிக்கையாளர்களுக்கும்தான்" என்றாள் பட்டுப்புடவைக்காரி.

இத்தனை ஒற்றுமையா என்று வியந்த வர்ஷினி, திட்டத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாள்.

பட்டுப்புடவைக்காரி எழுந்தாள். "முடிஞ்சுதோன்னோ? மாப்ளே, சாப்பிட வாங்கோ. அண்ணா, நீயும் வா." பிறகு வேதாந்தத்திடம் திரும்பி, "ஏன்னா, இலை போடட்டுமா?" என்றாள்.

வர்ஷினி பேனாவைப் பைக்குள் போட்டாள். "வெள்ளத்துல மாட்டினவங்களைக் கூப்பிடலையா சார்?" என்று ஏளனமாகக் கேட்டாள்.

வேதாந்தம் பதறினார். "அவாளைக் கூப்பிட்டா குறை சொல்லுவாளேம்மா!"