நாவலில் வந்த மேஜர்

தன் படையில் இருந்த சிப்பாய் ஒருவன் போரைப் பற்றி நாவல் எழுதியிருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் ஓய்வுபெற்ற மேஜர் புத்தகக் கடைக்கு ஓடினார். அதற்குள் அவர் மனைவி அதைப் படித்தே முடித்துவிட்டாள்.

"குண்டுமழைக்கு நடுவுல, கால் போன சிப்பாயைத் தோள்ல சுமந்துட்டு வந்தீங்களாமே! அந்த மேஜர் நீங்கதான்னு எழுதினவரே பேட்டியில சொல்லியிருக்கார். இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முடிவெட்டும் கடையில் எழுந்து நின்று சல்யூட் வைத்தார்கள். பேத்தியின் பள்ளியில் பேசக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் மேஜர் கூனிக் குறுகிப்போனார். கடைசியில் சிப்பாயின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

கட்டைக்காலை ஊன்றிக்கொண்டு வந்து திறந்தவன், நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தான்.

"நாவல் பிடிச்சுதா சார்?"

"ஏம்ப்பா இப்படிப் பண்ணினே? அடிபட்டுக் கிடந்த உன்னை விட்டுட்டு ஓடினவன் நான். அதை அப்படியே எழுதியிருக்கலாமே!"

"முதல்ல அப்படித்தான் எழுதினேன். நாலு பேர் காறித் துப்புவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. எனக்கு அது பத்தலை சார். கிழிச்சுப் போட்டுட்டேன்."

"நானே எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்."

"தாராளமா. முதல்ல வீட்டுல சொல்லிப் பாருங்க."

"நேத்தே சொல்லிட்டேன்." மேஜர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "'எவ்வளவு அடக்கம் உங்களுக்கு!'னு என் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா."