பத்துக்கு இரண்டு

“இந்தப் பொண்ணை மாத்திக் குடுங்க சார். இல்லேன்னா என் டான்ஸ் மேடை ஏறாது.”

எக்ஸ்ரே அக்கா மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஒருங்கிணைப்பாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சீட்டுக் குலுக்கித்தானே ஆளுக்கொரு டான்ஸர் குடுத்தோம்? நீங்கதான் எடுத்தீங்க.”

“எடுத்தேன். என் தலையெழுத்து. முதல் நாள் வாய் நீளம். அதை அடக்கினா இப்ப மறதி. சொல்லிக் குடுத்ததை மறுநாளே மறந்துட்டு முழிக்கிறா.”

“இனிமே மாத்த முடியாதும்மா.”

புதிய நடன அமைப்பாளர்களை வளர்த்துவிடும் மூன்று மாதப் பயிற்சி அது. ஆறு பேர். கடைசி நாள் ஆளுக்குப் பத்து நிமிடம். அதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து முழுநீள நிகழ்ச்சியாக மேடையேற்றுவார்கள். வயது வரம்பு முப்பத்தைந்து. அக்காவுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். நாளெல்லாம் ‘மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க’ என்று சொல்கிறவர். அதற்குள் ஒரு நடனம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியதே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம். இரண்டு தடவை விண்ணப்பித்து இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை எக்ஸ்ரே அறையிலேயே, ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு ஆடி வீடியோ அனுப்பினார். கிடைத்தது.

போன தடவை நேர்முகத் தேர்வில், ‘இதுல உங்க சொந்த யோசனை எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வி முள்ளாய் உள்ளேயே நின்றுவிட்டது. அதனால்தான் முதல் நாள் அந்தப் பெண், “அக்கா, சுத்தி முடிச்ச உடனே ஓடாம கொஞ்சம்...” என்று ஆரம்பித்ததுமே அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஆடுறது உன் வேலை. யோசிக்கிறது என் வேலை. இந்த ரூம்ல யோசனை சொல்றதெல்லாம் வேண்டாம்.”

“சரிக்கா.”

அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் சுற்றி முடித்து ஓட வேண்டிய இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“என்ன ஆச்சு?”

“மறந்துட்டேன்க்கா.”

மறுநாளும் மறந்தாள். மூன்றாம் நாள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். பார்க்கப் பார்க்க, அவருக்கும் மூச்சு நின்றது.

“சரி, நின்னு தொலை. எட்டு எண்ணிட்டு ஓடு.”

அந்த இடத்தை அவள் பிறகு மறக்கவே இல்லை. அடுத்த வாரம் கடைசித் தாவலை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் திட்டிப் பார்த்துவிட்டு அக்கா அதையும் மாற்றினார். இப்படியே நாலு இடம் மாறியது. மற்ற ஐந்து பேரும் அவளை மறதி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

கடைசி நாள் காலையில் மதிப்பீட்டுத் தாள் கொடுத்தார்கள்.

“பார்த்துப் போடுங்க. இதை வெச்சுத்தான் அடுத்த வருஷம் டான்ஸர்களைக் கூப்பிடுவோம்,” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

ஞாபக சக்தி: பத்துக்கு இரண்டு. எழுத அக்காவுக்கு இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

சாயங்காலம் அக்காவின் நடனம் ஜெயித்தது.

“அந்தப் பொண்ணு மூச்சைப் பிடிச்சு நிக்கிற இடம் இருக்கே, அங்க நான் பேனாவைக் கீழ வெச்சுட்டேன்,” என்றார் நடுவர். “கடைசியில உட்கார வெச்சீங்களே, அது எப்படித் தோணுச்சு?”

“தோணுச்சு சார்,” என்றார் அக்கா. சொல்லிவிட்டு, அந்தப் பெண் நின்ற பக்கம் திரும்பாமலே மேடையிலிருந்து இறங்கினார்.

மறுநாள் பயிற்சி அறைக்கு ஒருங்கிணைப்பாளர் கேமராவோடு வந்தார்.

“ஜெயிச்ச டான்ஸோட முதல் வடிவத்தையும் பதிவு பண்ணி வெப்போம். ஆரம்பத்துல எப்படி இருந்துச்சோ, அப்படியே வேணும்.”

“போச்சு. எனக்கே ஞாபகம் இல்லையே சார்.”

“எனக்கு ஞாபகம் இருக்குக்கா,” என்றாள் மறதி.

ஆடினாள். சுற்றி முடித்ததும் ஓடினாள். கடைசியில் தாவினாள். பத்து நிமிடமும் ஒரு விரல்கூட இடம் மாறவில்லை. எல்லாம் அக்கா ஆரம்பத்தில் சொல்லிக் கொடுத்தபடியே இருந்தது. உயிர்தான் இல்லை.

அக்கா சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாம் ஞாபகம் இருந்துச்சா உனக்கு? அப்புறம் ஏன்டி அத்தனை திட்டு வாங்கின?”

மறதி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்கதானேக்கா யோசனை சொல்லாதேன்னீங்க.”

அக்கா எழுந்து நேரே அலுவலக அறைக்குப் போனார். கேமராவை வைக்க ஒருங்கிணைப்பாளரும் பின்னாலேயே வந்தார்.

“சார், நேத்து நான் குடுத்த தாளைக் குடுங்க.”

“ஏன், அந்த ரெண்டையும் குறைக்கணுமா?”

“முதல்ல குடுங்க சார்.”

அவர் கோப்பிலிருந்து பின் போட்ட இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார்.

“மேல இருக்கிறது உங்களோடது. கீழ இருக்கிறது உங்களைப் பத்தி அந்தப் பொண்ணு எழுதினது. அவளும் நேத்து காலையிலேயே குடுத்துட்டா.”

அக்கா தன் தாளைப் புரட்டிக் கீழே பார்த்தார்.

‘கூட வேலை செய்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவரா?’

பத்துக்குப் பத்து போட்டிருந்தாள். பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: ‘கொஞ்ச நாள் ஆகும். ஆனா கேப்பாங்க.’